ஏர் ரைபிளுக்கு உறுதியான தாங்கி எது? பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஒன்றே போதுமா?

புதிதாக ஏர் ரைபிள் வாங்கியிருப்பதாகவும், குறி பார்த்துப் பழகுவதற்கும் துப்பாக்கியைத் துடைத்துப் பராமரிப்பதற்கும் சேர்த்து அசையாத கனமான தாங்கி ஒன்றை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எந்த வகைத் துப்பாக்கி என்று நீங்கள் குறிப்பிடவில்லை. முதல் துப்பாக்கி என்பதால், குழலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் வகையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியானால், துப்பாக்கியை இறுகக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தாங்கியைச் சுடுவதற்காக வாங்க வேண்டாம். பராமரிப்புக்கு அது நல்லது; குறி பார்க்க உதவாது.

காரணம் அந்தத் துப்பாக்கியின் உள்ளமைப்பில் இருக்கிறது. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் விடுபட்டு, கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. அந்த வேகத்தில் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கிறது. சிலிண்டரின் முனையில் அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும்போது துப்பாக்கி முன்னுக்கு இழுபடுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே இந்த அசைவு தொடங்கிவிடுகிறது. ஆகவே அசைவைத் தடுப்பது நமது வேலையன்று. ஒவ்வொரு முறையும் அது ஒரே விதமாக நிகழும்படி விடுவதே வேலை. இறுகக் கவ்வினால், பிடியின் அழுத்தம் சிறிது மாறினாலும் குண்டு விழும் இடம் மாறிவிடும். முன்பக்கம் ஒரு மணல் பை, அதன்மேல் விரித்த உள்ளங்கை, உள்ளங்கையின்மேல் துப்பாக்கி என்று அமர்த்தி, தோளில் லேசாகத் தொடும்படி வைத்துச் சுட்டுப் பாருங்கள். உங்களுடையது காற்றடைத்த சிலிண்டர் வகையானால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. உதை மிகக் குறைவு என்பதால் நேரடியாகப் பையின்மேலேயே வைக்கலாம்.

தாங்கியில் வைத்துச் சுடுவது சோம்பேறிகளின் வழி என்றும், போட்டியில் நின்றுதானே சுட வேண்டும் என்றும் சிலர் இங்கே எழுதக்கூடும். அவர்களுக்காகவே என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் பள்ளி நாள்களிலிருந்து 10 மீட்டர் ஏர் ரைபிள் பயில்கிறாள். அந்த இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி. அதை நோக்கிச் செல்லும் குண்டோ 4.5 மில்லிமீட்டர். அவ்வளவு நுணுக்கமான ஆட்டத்தில் ஒரு பருவத்தில் அவளுடைய புள்ளிகள் திடீரென்று சரியத் தொடங்கின. விசையை வெடுக்கென்று இழுக்கிறாள் என்று பயிற்சியாளர் சொன்னார். துப்பாக்கியைப் பார்த்த விற்பனையாளர் குழல் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று தொகையையும் சொல்லிவிட்டார். மிதமான வேகத்தில் செல்லும் மென்மையான ஈயக் குண்டு எஃகுக் குழலை அவ்வளவு எளிதில் தேய்த்துவிடாது என்பதைக்கூட எண்ணிப் பார்க்காமல், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் கேட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. பிள்ளையோ தன் விரலையே நம்ப முடியாமல் கலங்கிப் போனாள்.

நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன். அளவு தவறினால், முதலில் பொருளை ஆடாமல் நிறுத்தி, ஆளின் கையை அதிலிருந்து விலக்கி அளந்து பார்ப்பதே எங்கள் வழக்கம். தரையோடு கட்டிய கருங்கல் மேடையில் முன்னும் பின்னும் மணல் பைகளை வைத்து, அதே துப்பாக்கியால் அதே குண்டுகளை ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்தோம். துப்பாக்கி ஆடாமல் இருந்தும் துளைகள் பக்கவாட்டில் சிதறின; ஆகவே குறை அவள் விரலில் இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. பிறகு துப்பாக்கியைப் பராமரிப்புத் தாங்கியில் பொருத்திச் சோதித்தபோது, குழலையும் விசைப் பகுதியையும் கட்டையோடு பிணைக்கும் திருகு தளர்ந்திருந்தது. கையேட்டில் கொடுத்திருந்த அளவுக்கு டார்க் திருப்பியால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) முடுக்கியதும் துளைகள் நெருங்கின. அடுத்து 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் தலை அளவுள்ள குண்டுகளை மாற்றி மாற்றிச் சோதித்து, அந்தக் குழலுக்குப் பொருந்தியதைத் தேர்ந்தெடுத்தோம். குழலை மாற்றவில்லை, மகளின் புள்ளிகள் மீண்டும் ஏறின. தாங்கி இல்லாமல் இதை எப்படிக் கண்டுபிடித்திருப்போம் என்று கேலி செய்பவர்கள் சொல்லட்டும். ஜெர்மனியில் மூத்த வயதினருக்குத் தாங்கியில் வைத்துச் சுடும் போட்டிகளே நடக்கின்றன. பாரா துப்பாக்கி சுடுதலின் எஸ்.எச்.2 பிரிவில், துப்பாக்கியின் எடையைக் கைகளால் தாங்க இயலாதவர்கள் ஸ்பிரிங் பொருத்திய தாங்கியில் வைத்தே சுடுகிறார்கள். அவர்களின் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது.

இனி வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். தாங்கிக்கு முன்பாக மேசையைப் பாருங்கள். ஆடும் மேசையில் எவ்வளவு விலையுள்ள தாங்கியை வைத்தாலும் பயனில்லை. கழுத்தைக் குனியாமல் கண் குறிக்காட்டிக்கு நேராக வரும்படி உயரம் அமைய வேண்டும். மூன்று கால்களும் ஒவ்வொன்றுக்கும் தனித் திருகும் உள்ள வார்ப்பிரும்பு அடிப்பாகம் சமமற்ற பரப்பிலும் ஆடாமல் நிற்கும். அதற்குச் செலவிட விருப்பமில்லையென்றால், பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரட்டைத் தையல் போட்டு, கழுவி வெயிலில் காயவைத்துச் சலித்த மணலை இறுக நிரப்பினாலே போதும். அரிசியோ பயறோ நிரப்பினால் பூச்சி வரும்; ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். துப்பாக்கியின் முன்கட்டை, அதாவது குழலுக்குக் கீழே முன்கையால் தாங்கும் பகுதி, மட்டுமே முன்பையில் படிய வேண்டும். குழல் எதன்மீதும் படக் கூடாது. ஒவ்வொரு முறையும் முன்கட்டையின் அதே இடம் பையில் படியும்படி சிறிய ஒட்டுத்தாளால் அடையாளம் இடுங்கள். துப்பாக்கியின் பின்பகுதிக்குக் கீழே வைக்கும் பின்பையைக் கையால் அமுக்கியும் தளர்த்தியும் உயரத்தை நுணுக்கமாகச் சரிசெய்யலாம்.

பராமரிப்புக்கு யூ வடிவத்தில் இரண்டு முட்டுகள் உள்ள மரத் தாங்கியே போதுமானது. துப்பாக்கி படியும் இடமெல்லாம் ஃபெல்ட் அல்லது தோல் ஒட்டியிருக்க வேண்டும். குழல்வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வைத்தால் எண்ணெயும் அழுக்கும் விசைப் பகுதிக்குள் வழியாது. ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் சேர்ந்தால், அழுத்தத்தின் சூட்டில் அது டீசல் இயந்திரத்தில் போலப் பற்றிக்கொள்ளும். ஆகவே அங்கே கண்டபடி எண்ணெய் விடக் கூடாது. குழலைப் பின்புறத்திலிருந்து வாய் நோக்கியே துடைக்க வேண்டும், ஏனெனில் வாயின் விளிம்பில் சிறு கீறல் விழுந்தாலும் குறி கெடும். குழலை மடக்கித் திறந்து வைத்திருக்கும்போது அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருங்கள். விசை தவறினால் குழல் எகிறி மூடி விரலை நசுக்கிவிடும். குண்டு இல்லாமல் ஸ்பிரிங் துப்பாக்கியைச் சுட வேண்டாம், காற்று மெத்தையின்றிப் பிஸ்டன் முட்டி அதன் சீல் கெட்டுவிடும். ஈயக் குண்டுகளைத் தொட்ட பிறகு சோப்பிட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

உங்கள் துப்பாக்கியின் வகையையும் முன்கட்டையின் அகலத்தையும் கருத்துப் பகுதியில் எழுதினால், முன்பையை எந்த அளவில் தைப்பது என்று சொல்கிறேன். அகலம் பொருந்தாத பையில் துப்பாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும்.