புழுவையும் இலையையும் ஒரே தாளில் வரைந்தவர்கள்: கேள்வி பதில்

செடி, பூச்சி, பறவை என்று இயற்கையைக் கூர்ந்து பார்த்து வரைந்த பெண்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். நானும் செடிகளை வரைகிறவள். இவர்களை என் குருமார்களாகவே நினைக்கிறேன்.

கேள்வி: ஒருவரைப் பற்றி மட்டும் படிக்க நேரம் இருக்கிறது. யாரைப் படிக்கலாம், அக்கா?

மரியா சிபில்லா மெரியன். 1647இல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துக் கவனிக்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தானாகப் பிறக்கின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. 1679இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி, அந்தப் புழு தின்னும் செடி எல்லாம் ஒரே படத்தில் இருக்கின்றன. எந்தப் புழுவுக்கு எந்தச் செடி என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோம். அன்று அப்படிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

1699இல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டி, இளைய மகள் டொரோத்தியாவோடு தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். காய்ச்சலில் விழுந்து 1701இல் திரும்ப வேண்டியதாயிற்று. 1705இல் 60 படங்களோடு சூரினாம் பூச்சிகளைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார்.

கேள்வி: சூரினாமில் அப்போது டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் வதைபட்டார்கள். அதைப் பற்றி ஏதாவது எழுதினாரா?

எழுதினார். நம் ஊர்த் தெருவோரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றை தெரியும் அல்லவா? அந்தச் செடியின் படத்தோடு இருக்கும் குறிப்பு, படித்தால் மறக்காது. தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகிவிடக் கூடாது என்று அடிமைப் பெண்கள் இதன் விதையைக் கொண்டு கருவைக் கலைத்தார்கள் என்றும், அதை அவர்களே தன்னிடம் சொன்னார்கள் என்றும் பதிந்திருக்கிறார். அதே சமயம், காட்டில் அவருக்கு வழி வெட்டியதும், புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்ததும் அடிமைகளும் பழங்குடி மக்களும்தான். அவர்கள் பெயர் நூலில் இல்லை. மெரியனைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பறவையைத் தின்னும் சிலந்தியை அவர் வரைந்தது வெறும் கற்பனை என்கிறார்களே?

19ஆம் நூற்றாண்டில் சில அறிஞர்கள் அப்படித்தான் ஒதுக்கினார்கள். அப்புறம் அமேசானில் பல ஆண்டுகள் சுற்றிய ஹென்றி பேட்ஸ், சிலந்தி பறவையைப் பிடித்ததைத் தானே பார்த்ததாக 1863இல் எழுதினார். மெரியனிடம் பிழைகள் உண்டு, ஆனால் இது பிழை இல்லை.

கேள்வி: நம் பக்கம் வந்து வரைந்தவர் யாராவது உண்டா?

உண்டு, சென்னையிலேயே! எலிசபெத் குவில்லிம். கணவர் ஹென்றி குவில்லிம் மெட்ராஸ் நீதிமன்றத்தில் நீதிபதி. 1801இல் இங்கே வந்தவர் 1807இல் இங்கேயே இறந்தார். அந்த ஆறு ஆண்டுகளில் அவர் வரைந்த பறவைகளில் 121 படங்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இறகுகளின் அடுக்கைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார். பறவை ஓவியத்துக்கு எல்லோரும் சொல்லும் ஆடுபானின் நூல் வெளிவரத் தொடங்கியதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் முந்தையவை இவை. தெலுங்கும் கற்றார். கூட வந்த தங்கை மேரி சைமண்ட்ஸ் மீன்களை வரைந்தார். 1924இல் லண்டனில் ஒருவர் வாங்கும் வரை இந்தப் படங்களை உலகம் அறியவில்லை. சென்னைப் பள்ளிகளில் இவரைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்க வேண்டாமா?

கேள்வி: கணவர் பெயரில் மறைந்துபோனவர்கள்?

எலிசபெத் கூல்ட். ஜான் கூல்டின் பறவை நூல்களுக்காக 600க்கும் மேற்பட்ட படங்களைச் செய்தவர். டார்வின் பீகிள் என்ற கப்பலில் போன பயணத்தில் சேகரித்த பறவைகளும் அதில் சேர்த்தி. எட்டாவது பிரசவத்துக்குப் பிறகு 1841இல் இறந்தார்.

கேள்வி: கேமரா வந்த பிறகும் எதற்கு வரைய வேண்டும்?

புகைப்படம் ஒரு செடியை ஒரு நொடியில் காட்டும். ஓவியத்தில் மொட்டு, பூ, காய், இலையின் அடிப்பக்கம், வெட்டிய சூலகம் (பூவில் விதை உருவாகும் பகுதி) எல்லாம் ஒரே தாளில் வரும். எதை அழுத்திக் காட்டுவது என்பதும் நம் கையில் இருக்கிறது.

கேள்வி: எனக்கு ஓவியப் பயிற்சி கிடையாது. எங்கே தொடங்குவது?

எருக்கஞ்செடியில் தொடங்குங்கள். இலையின் அடியைப் புரட்டிப் பார்த்தால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் முட்டையோ வரிப்புழுவோ கிடைக்கும். பென்சில், அளவுகோல், ஒரு சின்னப் பூதக்கண்ணாடி போதும். தினமும் அதே செடியிடம் போய்ப் புழுவின் நீளத்தை அளந்து, தேதியோடு குறித்து வரையுங்கள். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புழு கூடு கட்டியதும் எனக்குப் படத்தை அனுப்புங்கள், நிறம் தீட்டுவதை அப்போது பேசலாம்.