பேஸ்பாலில் 29–4 என்று ஒரு ஸ்கோர் நிஜமாகவே வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 1950 ஜூன் 8, பாஸ்டன் ஃபென்வே பார்க் மைதானம். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு 29 ரன் சாதாரணமாகத் தெரியும். பேஸ்பாலில் ஓர் அணி 5 ரன் எடுத்தாலே நல்ல நாள்தான். அன்று ரெட் சாக்ஸ் அணி செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸைத் துவைத்து எடுத்துவிட்டது: மொத்தம் 28 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸைத் தொடுவது). பாபி டோர் மட்டும் 3 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி); டெட் வில்லியம்ஸும் வால்ட் ட்ரோப்போவும் ஆளுக்கு 2. முந்தின நாளும் பிரவுன்ஸ் இதே ரெட் சாக்ஸிடம் 20–4 என்று அடிவாங்கியிருந்தார்கள், பாவம்!

டிக்ளேர் செய்யும் வழக்கம் பேஸ்பாலில் கிடையாது. பந்துவீச்சு சிதறினால் மூன்று பேர் அவுட்டாகும்வரை ரன் ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. பிரவுன்ஸ் அணி 1954இல் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்து ஓரியோல்ஸ் ஆனது. 2007இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 30–3 என்று, 1900க்குப் பிந்தைய அந்த 29 ரன் சாதனையை முறியடித்ததும் அவர்களிடம்தான்.