வெயிலைக் கண்டால் தும்மல்: கேள்வி பதில்

உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற பாளையங்கோட்டை ஆசிரியர் ஒருவர் விடையளிக்கிறார்.

டவுன் வாசகர்: அண்ணாச்சி, நெல்லையப்பர் கோயிலை விட்டு வெளியே வந்ததும் எனக்குத் தும்மல் வருகிறது. ஏன்?

உள்பிராகாரத்தின் இருட்டில் அரை மணி நேரம் இருந்தவரின் கண்மணி நன்கு விரிந்திருக்கும். முற்பகல் 11 மணிக்கு வீதியில் கால் வைத்ததும் வெளிச்சம் ஒரேயடியாக உள்ளே பாய்கிறது. அச்செய்தியைச் சுமக்கும் பார்வை நரம்பின் கிளர்ச்சி, மூக்கின் உறுத்தலைத் தெரிவிக்கும் முக்கிளை நரம்பின் பாதையிலும் சிலருக்குத் தொற்றிக்கொள்வதால், மூக்கில் ஏதோ நுழைந்துவிட்டதாகக் கொண்டு மூளைத்தண்டு தும்மலை ஏவுகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். புருவம் திருத்தும்போது சிலர் தும்முவதும் முக்கிளை நரம்பின் வேலைதான். ஆனால் 2010-இல் சூரிச் ஆய்வாளர்கள் இத்தகையோரின் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, மூளையின் மேலடுக்கான புறணியில் பார்வைக்குரிய பகுதியே வெளிச்சத்திற்கு மிகுதியாகக் கிளர்வதைக் கண்டனர். ஆகவே இரு நரம்புகளின் சங்கதியாக மட்டும் இதை முடித்துவிட முடியாது.

என் அக்காவும் உங்களைப் போலத்தான். கோயில் வாசலில் இடது செருப்பை மாட்டி வலது செருப்பைத் தேடுவதற்குள் மூன்று தும்மல் போட்டுவிடுவாள், நான்காவது வராது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடுதான் தூண்டுகிறது என்பதால், கண் பழகியதும் அடங்கிவிடுகிறது.

வண்ணார்பேட்டை வாசகி: என் மகனுக்கும் இருக்கிறது. பரம்பரையா?

ஆம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. மக்களில் 18 முதல் 35 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகின்றனர். 1978-இல் மருத்துவர்கள் இதற்கு நீளமான பெயர் ஒன்றைச் சூட்டி, அதன் முதலெழுத்துகள் ‘ஆச்சூ’ என்று தும்மல் ஒலியாகவே வரும்படி அமைத்தனர். தும்மலை வரவழைக்கிறேன் என்று பிள்ளை சூரியனை நேரே பார்க்காமல் கவனித்துக்கொள்ளுங்கள். விழித்திரை வெந்தாலும் வலி தெரியாது.

அம்பாசமுத்திரம் வாசகர்: வெயிலின் சூடுதான் மூக்கை உறுத்துகிறது. வெளிச்சம் என்பதெல்லாம் வீண்கதை.

சூடுதான் காரணமென்றால், விறகடுப்பின் முன்னே மணிக்கணக்காக நின்று அல்வா கிண்டுகிறவர் தும்மித் தும்மியே ஓய்ந்துபோக வேண்டுமே? அவர் வியர்க்கிறார், தும்முவதில்லை. இந்தக் கேள்வி பழையது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் கிரேக்க வினாத் தொகுப்பு ஒன்று, கதிரவனின் சூடு தும்மலைத் தூண்ட, நெருப்பின் சூடு தூண்டாதது ஏன் என்று கேட்டுவிட்டு, உங்களைப் போலவே சூட்டைவிட்டு வெளியே வராமல் விடை தேடிற்று. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் கண்ணை மூடிக்கொண்டு வெயிலுக்கு முகம் காட்டினார். சூடு அதே சூடு, தும்மல் இல்லை. ஆனால், கண்ணில் ஊறும் நீர் மூக்கில் இறங்கி உறுத்துகிறது என்று அவர் சொன்ன காரணம் நிற்கவில்லை. நீர் ஊறி இறங்க நேரமாகும். தும்மலோ சில நொடிகளில் வந்துவிடுகிறது.

அதே வாசகர்: அப்படியானால் தெருத் தூசி?

தூசி இரவிலும் இருக்கிறது.

மேலப்பாளையம் வாசகர்: இதற்கு மருந்து உண்டா?

தேவையில்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும். ஆனால் மர நிழல் அடர்ந்த சாலையிலிருந்து வெட்டவெளிக்கு வண்டியில் வரும்போது வேகத்தைக் குறையுங்கள். தும்மும் கணத்தில் கண் மூடிக்கொள்ளும். கண்புரை அறுவைக்குப் போகிறவர்கள், கண்ணருகே ஊசி போடுமுன் இவ்வழக்கத்தை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

களக்காடு வாசகி: விடிந்ததும் பத்து, இருபது தும்மல் வருகிறது.

அது ஒவ்வாமையாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பேட்டை வாசகர்: மருந்து உண்டா?

மேலப்பாளையத்தாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மானூர் வாசகர்: எங்கள் ஆடு வெயிலில் தும்முகிறது.

இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சேரன்மகாதேவி வாசகர்: புறப்படும்போது தும்மினால் சகுனத் தடையா? மருந்து உண்டா?

முதலாவது என் துறையன்று. இரண்டாவதை மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். சூரியனை நேரே பார்க்காதீர்கள் என்பதை மட்டும் நானும் மறுபடி சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம் வாசகர்: முற்றத்தில் கண்ணை மூடி நின்று பார்த்தேன், வரவில்லை. திறந்ததும் இரண்டு வந்தது.

நாளையும் இரண்டுதானா என்று எண்ணுங்கள். பிள்ளைகளுக்கும் அதே எண்ணிக்கைதானா என்று பார்த்து எழுதுங்கள்.