உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியுடன் குமுளிப் பேருந்தில் செல்லலாமா?

ஐயா, ஏலக்காய் வணிகத்துக்காகக் கம்பத்திலிருந்து குமுளிக்குப் பேருந்தில் பணத்துடன் செல்லும் நீங்கள், தேனி மாவட்டத்தில் பெற்ற உரிமத்தின்பேரில் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லுபடியாகும் என்று பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், குமுளி சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கால்வைத்ததுமே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றம் செய்தவராகிவிடுவீர்கள்; எல்லையின் இருபுறமும் நமக்கு உறவும் தொழிலும் இருப்பதைச் சட்டம் கணக்கில் கொள்ளாது. மறைத்து வைப்பது தவறன்று. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் முழுவதும் மூடப்பட்டு, வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றே 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கூறுகின்றன.

ஆயுதம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்குமா என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்புக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளில், நிற்கவும் இடமில்லாத பேருந்தில் ஒருவர்மேல் ஒருவர் சாயும்போது, உங்கள் இடுப்பிலுள்ள ஆயுதத்தின்மேல் யார் கை படுகிறது என்று உங்களுக்கே தெரியாது. பணத்தைப் பறிக்க வரும் திருடனைச் சுட நேர்ந்தாலோ, குண்டு அவனோடு நின்றுவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. துப்பாக்கி ஏந்தும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கும் கருத்தையும் இதனாலேயே என்னால் ஏற்க இயலவில்லை. அமெரிக்காவிலேயே, 2022இல் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் துப்பாக்கி ஏந்தும் உரிமையை உறுதிசெய்த பிறகும், நியூயார்க் மாநிலம் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் அதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது.

பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். உரிமப் பகுதியை விரிவாக்க வேண்டுமெனில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அதுவரை துப்பாக்கி வீட்டில் பூட்டியே இருக்கட்டும்.