விசா கையில் வந்தால் போதுமா? கடலோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டு வேலை விசா பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோர ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். என் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று இருக்கிறது. "கிளியரன்ஸ் எல்லாம் தேவையில்லை, விசிட் விசாவில் துபாய் போய் இறங்கு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். நம்பிப் போகலாமா?
– வாசகர், பெரியபட்டினம்

போக வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் இல்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இந்த அனுமதியை வைத்திருப்பது உங்களை அலைக்கழிக்க அல்ல. சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் யார் பொறுப்பு, திரும்பி வர டிக்கெட் யார் தருவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை ஓர் அரசு அலுவலகம் பார்த்துப் பதிவு செய்கிறது. விசிட் விசாவில் போனால் அந்தப் பதிவே இருக்காது. நாளைக்குச் சம்பளப் பாக்கி என்று தூதரகத்துக்குப் போனால் உங்கள் கையில் காட்ட ஒப்பந்தம் இருக்காது. அதற்கு முன்பே, திரும்பும் டிக்கெட், தங்கும் இடம் பற்றிச் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் விமான நிலையத்திலேயே இறக்கிவிடப்படுகிறவர்களும் உண்டு. ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் அதோடு போய்விடும்.

சரியான வழி இதுதான். வேலை கொடுக்கும் நிறுவனமோ உரிமம் பெற்ற ஏஜென்டோ வெளியுறவுத் துறையின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் ஆள் தேவையையும் ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். அதன் பிறகு உங்கள் பெயரில் விண்ணப்பம் போகும். அரசுக் கட்டணம் 200 ரூபாய். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்ச ரூபாய் கிடைக்கும். பாலிசியில் வாரிசுதாரர் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறிவிட்டால், மதிப்பெண் சான்றிதழைக் காட்டி இ.சி.ஆர். நீக்கிய பாஸ்போர்ட்டுக்கு மறு வெளியீடாக விண்ணப்பிக்கலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். 50 வயது கடந்தவர்களுக்கும், தொடர்ந்தோ விட்டுவிட்டோ மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கும் இந்தத் தடை கிடையாது.

சவூதிக்கு 'ஃப்ரீ விசா' இருக்கிறது, எந்த வேலையும் பார்க்கலாம் என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். ஊரில் பலர் அப்படிப் போயிருக்கிறார்களே?
– வாசகர், கீழக்கரை

போயிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் 'ஃப்ரீ விசா' என்று சவூதிச் சட்டத்தில் ஒன்று கிடையாது. நீங்கள் வாங்குவது யாரோ ஒரு கபில், அதாவது ஸ்பான்சர், தன் பெயரில் எடுத்த வீட்டு டிரைவர் விசாவாகவோ கூலியாள் விசாவாகவோ இருக்கும். அவரிடம் வேலை இருக்காது. வெளியில் வேலை தேடிக்கொண்டு, இக்காமா என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க அவருக்கே பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்பான்சரை விட்டு வேறிடத்தில் வேலை செய்து பிடிபட்டால் அபராதம், சிறை, நாடு கடத்தல் எல்லாம் உண்டு. கபிலுக்குக் கோபம் வந்து 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்று பதிந்துவிட்டால் இக்காமா புதுப்பிப்பதும் ஊர் திரும்புவதும் சிக்கலாகிவிடும்.

பணம் கொடுக்கும் முன் விசாத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அரபியில் 'மிஹ்னா' என்ற சொல்லுக்கு எதிரே இருப்பதுதான் தொழில். கீழக்கரையில் அரபி வாசிக்கத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? ஓர் ஆலிமிடம் காட்டி அந்த ஒரு வரியையும் ஸ்பான்சர் பெயரையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஏஜென்ட் 'சூப்பர் மார்க்கெட் வேலை' என்று சொல்லியிருக்க, தாளில் 'வீட்டு டிரைவர்' என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நிஜமான எலக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் விசா என்றால் சவூதி அரசின் திறன் சரிபார்ப்புத் தேர்வை இந்தியாவிலேயே தேற வேண்டியிருக்கும். அந்த வேலைகளுக்குப் பேசும் ஏஜென்ட் தேர்வைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை.

ஒன்றரை லட்சம் என்ற தொகையும் சட்டத்துக்குப் பொருந்தாது. உரிமம் பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம். கூட்டினால் 35,400 ரூபாய். அதற்கு ரசீது தர வேண்டும். ரசீது தர மாட்டேன் என்பவருக்கு உரிமம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உரிம எண்ணைக் கேட்டு, இ-மைக்ரேட் தளத்தின் ஏஜென்ட் பட்டியலில் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஊருக்குள் ஆள் பிடிக்கும் 'சப் ஏஜென்ட்'டுக்கு என்று தனி உரிமம் எதுவும் கிடையாது. பணம் அவர் கைக்கோ அவருடைய ஜிபே எண்ணுக்கோ போகக் கூடாது, நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும்.

இலங்கைக் கடற்படை பிடித்து, அங்கே கோர்ட்டில் தண்டனையை ஒத்திவைத்து விடுதலை செய்து அனுப்பினார்கள். இப்போது வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்த வழக்கு குறுக்கே வருமா?
– மீனவர், தங்கச்சிமடம்

இதே கேள்வி பாம்பனிலிருந்தும் வந்திருக்கிறது. இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகம்தான் தருகிறது. ராமநாதபுரம் மாவட்டம் மதுரை அலுவலகத்தின் கீழ் வருகிறது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்ட வேண்டும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிட்டே சான்றிதழ் வரும். உங்கள் காவல் நிலையத்துப் பதிவேட்டை வைத்து எழுதப்படுவதால், இலங்கை வழக்கு தானாக அதில் ஏறாது. இங்கே உங்களைத் தடுக்கக்கூடியது வேறு. மீனவர் கைதைக் கண்டித்து நடந்த சாலை மறியலிலோ ரயில் மறியலிலோ உங்கள் பெயரும் எஃப்.ஐ.ஆரில் இருந்தால், அது நிலுவை வழக்காகச் சான்றிதழை நிறுத்திவிடும். பலருக்குத் தன் பெயர் அதில் இருப்பதே தெரியாது. விண்ணப்பிக்கும் முன் நிலையத்தில் விசாரித்துவிடுங்கள். வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டிருந்தால், பாஸ்போர்ட் பெறுவதற்கே கோர்ட்டின் அனுமதி ஆணை தேவைப்படும்.

இரண்டாவது, விசா விண்ணப்பம். "எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டீர்களா, தண்டனை பெற்றீர்களா" என்று சில நாடுகள் நேரடியாகவே கேட்கின்றன. ஒத்திவைத்த தண்டனையும் தண்டனைதான். 'இல்லை' என்று எழுதச் சொல்லி ஏஜென்ட் சொன்னாலும் எழுதாதீர்கள். எல்லை தாண்டி மீன்பிடித்த வழக்கு என்பது விளக்கிச் சொல்லக்கூடிய விஷயம். பொய் சொன்னது தெரிந்தால் அதற்காகவே விசா மறுக்கப்படும், சில நாடுகளில் பல ஆண்டுகளுக்குத் தடையும் விழும். கோர்ட் ஆணையின் நகலும், சிங்களத்தில் இருந்தால் அதன் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தால் பாதிக் கவலை தீரும். நகல் இல்லாதவர்கள் வழக்கை நடத்திய வக்கீல் மூலமாகவோ மீனவர் சங்கம் மூலமாகவோ இப்போதே முயற்சி செய்யுங்கள், விசா நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

பஹ்ரைனில் மீன்பிடி வேலை, ஈரானிலும் மீன்பிடி வேலை என்று இரண்டு இடத்துக்குக் கூப்பிடுகிறார்கள். எது பாதுகாப்பு?
– மீனவர், மண்டபம்

பஹ்ரைன் அந்த 18 நாடுகளில் ஒன்று. இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்றால் ஒப்பந்தம் அரசுப் பார்வைக்கு வரும். ஈரான் பட்டியலில் இல்லை. கிளியரன்ஸ் கேட்க மாட்டார்கள். ஏஜென்டுகள் அதையே வசதி என்று சொல்லி விற்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தை யாருமே பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள். ஈரானுக்குப் போவதென்றால் ஒப்பந்தத்தைக் கையெழுத்தோடு வாங்கி வீட்டில் ஒரு நகல் வைக்காமல் கிளம்பாதீர்கள்.

வளைகுடா மீன்பிடியில் தகராறு பெரும்பாலும் பங்கில்தான் தொடங்கும். ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் எழுதியிருக்கும். போன பிறகு, பிடித்த மீனில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மிச்சத்தில்தான் பங்கு என்பார்கள். மீன் படாத மாதத்தில் கையில் ஒன்றும் இராது. ஆகவே மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். மீன் படாவிட்டாலும் கிடைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு? எந்தெந்தச் செலவு கழிக்கப்படும்? எல்லை தாண்டியதற்குப் பிடித்தால் அபராதமும் வக்கீலும் யார் பொறுப்பு? அங்கே கடல் எல்லைகள் நெருக்கமானவை, பக்கத்து நாட்டுக் காவல் படகு பிடித்தால் உள்ளே போவது முதலாளி அல்ல, படகில் இருப்பவர்கள்தான். ஜி.பி.எஸ். இல்லாத படகில் ஏறாதீர்கள்.

விசாவில் தொழில் 'மீனவர்' என்றே இருக்க வேண்டும். வேறு தொழில் விசாவில் போய்ப் படகில் ஏறினால், விபத்து நேரும்போது இழப்பீடு கேட்பதே பெரும் பாடாகிவிடும்.

என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது, சர்நேம் இடம் காலி. இதனால் சிக்கல் வருமா?
– வாசகர், தொண்டி

வரும். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் வைக்கும் பழக்கம் இல்லாததால் பலர் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறது. அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது விமானத்தில் ஏற முடியாமல் நின்றவர்கள் உண்டு. விசா எடுக்கும் முன்பே மறு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து, இனிஷியலை விரித்துத் தந்தையின் பெயரைச் சர்நேம் கட்டத்தில் சேர்த்துவிடுங்கள். அதற்கு முன் ஆதாரை அதே எழுத்துகளில் திருத்த வேண்டும். முதலில் ஆதார், பிறகு பாஸ்போர்ட் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பாஸ்போர்ட்டை மாற்றிய பிறகு பழைய எண்ணில் வந்த விசா பயன்படாது என்பதால், ஆஃபர் கடிதம் வந்த பின் இதைத் தொடங்கினால் எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் காச நோய் வந்து குணமாகிவிட்டது. மெடிக்கலில் 'அன்ஃபிட்' போட்டுவிட்டார்கள். காசு கொடுத்தால் 'ஃபிட்' வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், தேவிபட்டினம்

கொடுக்காதீர்கள். சவூதி, குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளுக்கான மெடிக்கல், வளைகுடா நாடுகளின் பொது மருத்துவப் பரிசோதனை ஏற்பாடான 'வாஃபித்' முறையில் நடக்கிறது. முடிவு ஆன்லைனில் ஏறும், மற்ற வளைகுடா நாடுகளுக்கும் தெரியும். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காச நோய்த் தழும்பு தெரிந்தாலே பெரும்பாலும் தகுதியில்லை என்றுதான் வரும், இப்போது நோய் இல்லை என்றாலும் கூட. எப்படியோ 'ஃபிட்' வாங்கிப் போனாலும் அங்கே இறங்கியதும் இக்காமாவுக்கு மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதே தழும்பு அங்கேயும் தெரியும், அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு அந்த நான்கு நாடுகளை விட்டுவிட்டு வேறு நாடு பார்ப்பதே நல்லது. இதில் ஆறுதலாகச் சொல்ல எங்களிடம் வேறொன்றும் இல்லை.

கத்தாருக்கு வேலை விசா என்றால் மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் சென்னையில் உள்ள கத்தார் விசா மையத்தில் நடக்கும். அங்கே கைநாட்டு வைப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் உள்ள சம்பளத்தைக் கட்டாயம் படியுங்கள். ஊரில் சொன்ன தொகை இல்லை என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம், அது உங்கள் உரிமை.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். சான்றிதழுக்கு 'அட்டெஸ்டேஷன்' எப்படி?
– வாசகர், ஏர்வாடி

முதலில் தமிழக அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவுத் துறை. ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவூதி ஆகிய நாடுகளுக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில், அதாவது பல நாடுகள் பொதுவாக ஏற்கும் சான்று முத்திரை, போதும். அமீரகம், குவைத், கத்தாருக்கு அந்தந்தத் தூதரக முத்திரையும் வேண்டும். முத்திரை மூலச் சான்றிதழின் பின்புறத்தில் விழும். கடற்காற்றுக்குப் பயந்து லேமினேட் செய்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உறையைப் பிரிக்கும்போது மையும் கூட உரிந்து வரும். நீங்களே பிய்க்காதீர்கள், கல்வி நிறுவனத்தில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

என் தங்கைக்கு 27 வயது. குவைத்தில் வீட்டு வேலை என்கிறார்கள்.
– வாசகி, வாலிநோக்கம்

இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்ணுக்கு 30 வயது நிரம்பாமல் அந்த 18 நாடுகளில் வேலைக்குக் கிளியரன்ஸ் கிடையாது. 30 கடந்த பிறகும் வீட்டு வேலைக்கு அரசு நிறுவனங்கள் மூலமாகவே போக முடியும். தமிழ்நாட்டில் அது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இதை மீறி வேறு நாட்டுக்கு விசிட் விசாவில் கூட்டிப்போய் அங்கிருந்து குவைத்துக்கு மாற்றுவதாகச் சொன்னால், தங்கையை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் எங்கே சொல்வது?
– பலர்

இங்கே இருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், ஒரு நகலைச் சென்னைக் குடிபெயர்வோர் பாதுகாவலருக்கும் அனுப்புங்கள். உரிமம் இல்லாமல் ஆள் எடுப்பது குடிபெயர்வுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அங்கே போய்ச் சிக்கியிருந்தால் வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் குடும்பத்தார் இங்கிருந்தே பதியலாம். வெளியுறவுத் துறையின் கட்டணமில்லா உதவி எண் 1800 11 3090. தமிழிலேயே பேச வேண்டுமென்றால் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறை எண் 1800 309 3793. பாஸ்போர்ட் முதல் பக்கம், விசா, ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, ஏஜென்டின் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் ஆகியவற்றின் நகல்களைக் கிளம்பும் முன்பே வீட்டில் ஒருவர் போனில் ஏற்றிவையுங்கள். புகாரில் முதலில் கேட்கப்படுவது இவைதான்.