தோஹா வழியாக ஊருக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஜெர்மனிக்கு வந்து ஐந்து மாதம், வேலை செப்டம்பர் 1 அன்று தொடங்கியது, பிப்ரவரி 1 அன்று அக்கா மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடி வேண்டும், அதனால் ஜனவரி 24 கிளம்பி பிப்ரவரி 14 திரும்புகிற மாதிரி ஃபிராங்க்ஃபுர்ட், தோஹா, சென்னை என்று டிக்கெட் போட்டாகிவிட்டது. இப்போது ஈரான், இஸ்ரேல் என்று மறுபடியும் செய்தி சூடாகிவிட, அம்மா "நீ வரவே வேண்டாம்பா, அங்கேயே பத்திரமா இரு" என்கிறார், அக்காவோ "அப்போ பிள்ளையை யார் மடியில உட்கார வைக்கிறது" என்கிறார். போகலாமா வேண்டாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது ஏவுகணையைப் பற்றி. ஆனால் படிக்கும்போது என் கண் போய் நின்ற இடம் வேறு. போகிற போக்கில் "விசா பிப்ரவரி 18 வரை இருக்கிறது, அதனால் அதில் பிரச்சினை இல்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பிரச்சினை முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் அம்மாவின் பயத்தைப் பார்த்துவிடுவோம், அது ஒன்றும் அர்த்தமில்லாத பயம் இல்லை. பயணிகள் விமானங்கள் சுடப்பட்டிருக்கின்றன. 2014 ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்ஹெச்17 கிழக்கு உக்ரைன் மீது வீழ்த்தப்பட்டது, 298 பேர் இறந்தார்கள். 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரானியப் படையே தவறுதலாகச் சுட்டது, அதில் 176 பேர். இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, வான்வெளி திறந்திருந்தது. கீழே சண்டை நடந்துகொண்டிருந்த இடத்தில், அல்லது சில மணி நேரம் முன்புதான் ஏவுகணை விட்ட நாட்டில், விமானங்களைப் பறக்க விட்டிருந்தார்கள். அதனால் "கத்தார் வான்வெளியை மூடியது" என்று சிவப்பு எழுத்தில் செய்தி ஓடினால் அம்மா பதறுவார், உண்மையில் அது நல்ல செய்தி. யாரோ தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை ஈயாசா இப்போதெல்லாம் எந்த நாட்டுக்கு மேலே, எந்த உயரத்தில் பறக்கக் கூடாது என்று அறிக்கை போடுகிறது, அதை யார் வேண்டுமானாலும் அவர்கள் தளத்தில் படிக்கலாம். தொலைக்காட்சி விவாதத்தைப் பார்ப்பதற்குப் பதில் அதைப் பாருங்கள், தூக்கம் கெடாது.

ஆக, சுடப்படுவோம் என்பது மிகச் சிறிய வாய்ப்பு. நடுவில் மாட்டிக்கொள்வோம் என்பது அப்படியில்லை. இந்த மாதிரிக் காலத்தில் வெளிநாட்டுப் பயணம் போகலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எங்கே, எத்தனை நாள் மாட்டிக்கொண்டால் உங்களால் தாங்க முடியும்?

2025 ஜூன் 23 மாலை நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தோஹாவுக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படைகள் இருக்கும் அல் உதைத் விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசுவதற்குச் சற்று முன்பு கத்தார் வான்வெளியை மூடியது, அன்று நள்ளிரவுக்குப் பிறகு திறந்தும் விட்டது. கணக்குப் பார்த்தால் சில மணி நேரம்தான். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் தோஹாவுக்கு வர வேண்டிய விமானங்கள் எங்கெங்கோ போய் இறங்கின, விமானம் ஓர் ஊரில், அதை ஓட்ட வேண்டியவர்கள் வேறோர் ஊரில், பயணிகள் மூன்றாவது ஊரில். அது சரியாக நாட்கள் ஆயின. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்போது ஊரிலிருந்து திரும்பும் வழியில் அங்கே மாட்டினார். சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தபடி, செயலியில் 'தாமதம்' என்பது எப்போது 'ரத்து' என்று மாறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம், ஏனென்றால் ரத்து என்று வந்தால்தான் வேறு விமானத்தில் இடம் கேட்கவே முடியும், தாமதம் என்று இருக்கும்வரை வரிசையில் நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மூன்று நாள் தள்ளி வந்து சேர்ந்தார். அவருக்கு நிரந்தர வதிவிட அனுமதி இருந்தது, வேலையில் பழைய ஆள், மேலாளரிடம் ஒரு போன், விடுப்பில் மூன்று நாள் கழிந்தது, அத்தோடு முடிந்தது.

அதே மூன்று நாளை உங்கள் பயணத்தில் பொருத்திப் பாருங்கள். பிப்ரவரி 14 கிளம்ப வேண்டியவர் 17 கிளம்புகிறீர்கள். இன்னும் இரண்டு நாள் இழுத்தால் 19. விசா 18-ஆம் தேதியோடு செத்துவிட்டது. சென்னை கவுண்டரிலேயே போர்டிங் பாஸ் தர மாட்டார்கள். "போர்ச்சூழலால் தாமதம்" என்று நீங்கள் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் செல்லாது, புதிதாக டி விசாவுக்கு, அதாவது நீண்ட காலம் தங்குவதற்கான நுழைவு விசாவுக்கு, விண்ணப்பிக்க வேண்டும், அது எத்தனை வாரம் இழுக்கும் என்பது ஏற்கனவே ஒரு முறை காத்திருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வதிவிட அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டேன், உறுதி மின்னஞ்சல் வந்துவிட்டது என்கிறீர்கள். சரி, விசா காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்துவிட்டதால் நீங்கள் ஜெர்மனிக்குள் இருக்கும்வரை சட்டப்படி பாதுகாப்புதான். ஆனால் அந்த மின்னஞ்சலை வைத்துக்கொண்டு எல்லை தாண்டித் திரும்பி வர முடியாது. அதற்கென்று ஒரு தாள் உண்டு, ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்பார்கள், நம் ஆட்கள் சுருக்கி ஃபிக்ஷன் என்பார்கள். அதை வாங்கிவிட்டாலும் போதாது, உள்ளே கட்டங்கள் இருக்கும், எந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வதிவிடச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு என்று இருந்தால் பழைய விசா தொடர்வதாகக் கணக்கு, வெளியே போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் இங்கே இருக்கலாம், வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது. உங்களுக்கு நியாயமாக 4 தான் வர வேண்டும், டி விசாவில் வந்து அது காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்தவர் என்பதால். ஆனால் வர வேண்டும் என்பதும் கையில் இருப்பதும் வேறு. உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள், பயணத் தேதி, டிக்கெட் நகல், விசா முடியும் தேதி மூன்றையும் முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். பதில் வராவிட்டால் நேரில் போய் நில்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், இந்த நாட்டில் அதுவும் ஒரு நடைமுறைதான்.

இன்னொன்று, வேலை. செப்டம்பரில் சேர்ந்தீர்கள் என்றால் பிப்ரவரி முடியும்வரை பெரும்பாலும் ப்ரோபெட்சைட், தகுதிகாண் காலம். அதற்குள் காரணம் சொல்லாமல் இரண்டு வார அறிவிப்பில் அனுப்பலாம். விமானம் ரத்தாகித் திரும்ப முடியாமல் போனால் அது உங்கள் குற்றமில்லை, உடனே தகவல் சொல்லிவிட்டால் அதற்காக எச்சரிக்கைக் கடிதம் தர முடியாது, ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளமும் கிடையாது, வழியில் வரும் தடங்கல் தொழிலாளியின் கணக்கில்தான் எழுதப்படும். "லேப்டாப் எடுத்துக்கொண்டு போகிறேன், மாட்டிக்கொண்டால் அங்கிருந்தே வேலை பார்ப்பேன்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வரி, சமூகக் காப்பீடு, தரவுப் பாதுகாப்பு என்று நிறுவனத்துக்கு ஆயிரம் சிக்கல் அதில் இருக்கிறது. கிளம்பும் முன்பே மேலாளரிடம் பேசி, திரும்புவது தள்ளிப்போனால் என்ன செய்யலாம் என்று ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள், முன்கூட்டியே கேட்டதில் அவர்களுக்கு ஒரு திருப்தி.

ஏதாவது பெரிதாக நடந்தால் இந்தியத் தூதரகம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்டிருந்தீர்கள். பார்த்துக்கொள்ளும், அதில் நம் அரசைக் குறை சொல்ல முடியாது. 2022-இல் உக்ரைனிலிருந்து மாணவர்களைக் கொண்டுவந்தார்கள், 2025 ஜூனில் ஈரானில் இருந்தவர்களை ஆர்மீனியா, துர்க்மெனிஸ்தான் வழியாக எல்லாம் அழைத்து வந்தார்கள். ஆனால் அந்த விமானங்கள் எல்லாம் இறங்கிய இடம் டெல்லி, மும்பை என்று இந்தியாவுக்குள்தான். உங்களுக்குப் போக வேண்டிய இடம் ஃபிராங்க்ஃபுர்ட். மீட்பு விமானம் உயிரைக் காப்பாற்றும், வேலையையும் விசாவையும் நீங்கள்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, என் முடிவைச் சொல்கிறேன். இந்த டிக்கெட்டில் போகாதீர்கள். ஆனால் காதுகுத்துக்குப் போகலாம்.

பிப்ரவரி 1 விசேஷம் என்றால் 3-ஆம் தேதி கிளம்பிவிடுங்கள். விசா முடிய இரண்டு வாரம் கையில் இருக்கும், ஒரு வாரம் முழுக்க விமானமே இல்லாவிட்டாலும் தாங்கும். ஃபிக்ஷன் தாள் 4-ஆம் உட்பிரிவோடு அதற்குள் கையில் வந்துவிட்டால் முன்பு போட்ட தேதியிலேயே திரும்பலாம், தாளோடு அந்த விசா இருக்கும் பாஸ்போர்ட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள், சென்னை கவுண்டரில் அந்தத் தாளையே பார்த்திராத ஊழியர் இருக்கக்கூடும், அதனால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள்.

வழியை மாற்றுங்கள். ஃபிராங்க்ஃபுர்ட்டிலிருந்து சென்னைக்கு லுஃப்தான்சா நேரடியாகப் போகிறது. விலை கூடத்தான், நானும் ஒவ்வொரு முறையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவன்தான். நேரடி விமானமும் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும், நேரம் கூடலாம், ரத்தும் ஆகலாம். ஆனால் ரத்தானால் ஒன்று நீங்கள் இங்கே இருப்பீர்கள், இல்லை அம்மா வீட்டில் இருப்பீர்கள், மூன்றாவது நாட்டில் விசா இல்லாமல் விமான நிலையத்துக்குள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். இன்னொரு லாபமும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261 என்கிற பயணி உரிமை விதி, இங்கிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானத்துக்கும் பொருந்தும், ஆனால் வெளியிலிருந்து இங்கே வரும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும்தான் பொருந்தும். வான்வெளி மூடியதற்கெல்லாம் அந்த விதி சொல்லும் 600 யூரோ இழப்பீடு கிடைக்காது, அது அசாதாரணச் சூழ்நிலை என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் ஹோட்டல், சாப்பாடு, மாற்று விமானம் எல்லாம் அப்போதும் அவர்கள் பொறுப்பு. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றபோது எழுந்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமே இதை 2013-இல் உறுதி செய்தது. வளைகுடா நிறுவனத்தில் வரும்போது, திரும்பும் பயணத்தில் இந்த விதியைக் காட்டி எதையும் கேட்க முடியாது.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள சட்டப்பூர்வ மருத்துவக் காப்பீடு இந்தியாவில் செல்லாது. தனியாகப் பயண மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது இரண்டு இடத்தைப் படியுங்கள்: சொந்த நாட்டுக்குப் போனால் செல்லுமா, போரால் வரும் பாதிப்புக்கு என்ன விதி. பல பாலிசிகளில் நீங்கள் போன பிறகு எதிர்பாராமல் போர் வெடித்தால் சில நாட்களுக்குக் காப்பு உண்டு, ஆனால் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் ஏற்கனவே பயண எச்சரிக்கை விட்ட இடத்துக்குத் தெரிந்தே போனால் கிடையாது.

அக்கா கோபித்துக்கொண்டால், அதிகம் போனால் தேதியை மாற்றச் சொல்லுங்கள். கல்யாணம் என்றால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். காதுகுத்தை வசதிப்படி இன்னொரு நல்ல நாளுக்குத் தள்ளலாம், மார்ச்சில் உங்களுக்கு அட்டையும் வந்திருக்கலாம், தகுதிகாண் காலமும் முடிந்திருக்கும். அக்கா வீட்டுக்காரர் நான்கு பேர் முன்னால் முகத்தைத் தூக்குவார், அது சீர்வரிசையைப் பார்த்ததும் இறங்கிவிடும்.

கடைசியாக, தோஹா டிக்கெட்டைப் பயத்தில் இன்றைக்கே ரத்து செய்துவிடாதீர்கள். நீங்களாக ரத்து செய்தால் டிக்கெட் விதிப்படி பிடித்தம் போகத்தான் கிடைக்கும், சில டிக்கெட்டில் வரிப் பணம் மட்டும்தான் திரும்பும். அவர்கள் ரத்து செய்தால் முழுப் பணமும் வர வேண்டும். பதற்றம் கூடினால் நிறுவனங்களே கட்டணமில்லாமல் தேதி மாற்றிக்கொள்ளலாம், பணம் திரும்பப் பெறலாம் என்று அறிவிப்பதும் உண்டு. கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. அந்த டிக்கெட்டில் கடைசியாக எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை தினம் ஒரு முறை அவர்கள் தளத்தில் பயண அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள், அந்தத் தேதி வந்தும் அறிவிப்பு வரவில்லை என்றால் பிடித்தத்தைக் கொடுத்துவிட்டு ரத்து செய்யுங்கள்.