பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 27, பகலில் ஐடி வேலை. அவர் பகுதித் தமிழ் மன்றத்தின் நூலகப் பொறுப்பைப் போன மாதம் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். சுமார் 3,000 புத்தகங்கள், பெரும்பாலும் பழைய நாவல்களும் இலக்கிய உரைகளும். காலையில் பேப்பர் படிக்க ஏழெட்டுப் பெரியவர்கள் வருவதோடு சரி. பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ள பிள்ளைகள் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நன்கொடையாக 40,000 ரூபாய் வந்திருக்கிறது, இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டால் பிள்ளைகள் தானாக வருவார்கள் என்கிறது கமிட்டி. "வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியாது, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான். இவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, கம்ப்யூட்டர் வேண்டாம். அது கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அதன் மேல் துணி உறை ஏறிவிடும், பாஸ்வேர்டு செயலாளருக்கு மட்டும் தெரியும், வைஃபை பில் யார் கட்டுவது என்று கூட்டத்தில் சண்டை வரும். இந்தக் கதையை நான் நாலைந்து இடத்தில் பார்த்துவிட்டேன். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் புத்தகங்கள் கண்ணாடி பீரோவில்தானே இருக்கின்றன? சாவி யாரிடம் இருக்கிறது?

நகரத்தில் ஒரு சின்ன நூலகத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். யூனிபார்மோடு ஒரு பெண், பன்னிரண்டு வயதிருக்கும், முதுகில் பை, பீரோ முன்னால் தலையைச் சாய்த்து நின்று ஒவ்வொரு புத்தகத்தின் பெயராக விரலைக் கண்ணாடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "எது வேணும்மா?" என்றதும் கையை எடுத்துவிட்டு "சும்மா பார்த்தேன் ஆன்ட்டி" என்று போய்விட்டாள். சாவி பொருளாளரிடம், பொருளாளர் வியாழக்கிழமை வருவார். அந்தக் கண்ணாடியில் அவள் உயரத்துக்கு விரல் தடங்கள் இருந்தன, ஒருநாள் தடங்கள் அல்ல.

நூலகவியலின் தந்தை என்று நாம் கொண்டாடுகிற ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலியால் கட்டி வைத்த கதையை அந்த விதிக்கான விளக்கத்தில் சொல்லியிருப்பார். சீர்காழியில் பிறந்த அந்த மனிதர் கடைசியாக வாழ்ந்ததும் 1972-ல் இறந்ததும் இந்த பெங்களூரில்தான். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அதன் கீழேயே பீரோவைப் பூட்டி வைக்கிறோம். ஆகவே உங்கள் முதல் செலவு நாலைந்து திறந்த அலமாரி, பிள்ளைகள் கை எட்டுகிற உயரத்தில். பழைய மர ரேக்கைப் பெயின்ட் அடித்தாலும் போதும்.

அப்புறம் டெபாசிட்டும் தாமதக் கட்டணமும். 200 ரூபாய் டெபாசிட் என்றால் பையன் வீட்டில் கேட்கவே மாட்டான். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் அபராதம் என்றால், புத்தகத்தைத் தொலைத்தவன் மட்டுமல்ல, பத்து நாள் தாமதமானவனும் உங்கள் தெருவையே சுற்றிப் போவான். 2019-ல் சிகாகோ பொது நூலகம் தாமதக் கட்டணத்தை ரத்து செய்தது, 2021-ல் நியூயார்க்கும் ரத்து செய்தது. சிகாகோவில் வருஷக்கணக்காகக் கிடந்த புத்தகங்கள் திரும்பி வந்தன, புத்தகத்தோடு ஆட்களும் திரும்பி வந்தார்கள். கமிட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால் பதினெட்டு வயதுக்குக் கீழே மட்டுமாவது ரத்து செய்யச் சொல்லுங்கள்.

நேரத்தை எழுதவில்லை நீங்கள், ஆனால் ஊகிக்கிறேன்: காலை ஒன்பது முதல் பதினொன்று, மாலை நாலு முதல் ஆறு. அந்த நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருக்கும், இல்லையென்றால் டியூஷனில். வாரத்தில் மூன்று நாள் ஆறரை முதல் எட்டரை வரை திறந்து பாருங்கள். நீங்களும் ஆபீஸ் முடிந்து வர முடியும். கூடவே, நூலகம் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் பேசாத ஒரு விஷயம்: கழிவறை. அது பூட்டியிருந்தால், அல்லது அங்கே பல்பு எரியாவிட்டால், பதிமூன்று வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் இரண்டாம் முறை வர மாட்டார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள். வாசல் விளக்குக்கும் இதே கதைதான். 40,000-ல் ஒரு பகுதி பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் போகட்டும்.

இனி புத்தகம். இதில்தான் நான் பெரிய தப்பு செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நூலகத்தின் சிறுவர் பிரிவை என்னிடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து யோசித்து, தலைவர்கள் வாழ்க்கை, அறிவியல், நீதிக்கதை என்று அறுபது புத்தகம் வாங்கினேன். வருஷ முடிவில் பதிவேட்டைப் புரட்டினால் வெளியே போனது பதினொன்று, அதில் நாலு என் சக ஊழியரின் மகள் எடுத்தது. அடுத்த வருஷம் வேறு வழி இல்லாமல் ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளுக்குப் போனேன். ஆளுக்கு 300 ரூபாய். ஒரே நிபந்தனை: இதை ஏன் வாங்குகிறேன் என்று மற்ற ஐந்து பேருக்கும் சொல்ல வேண்டும். பேய்க்கதை வாங்கினார்கள், கிரிக்கெட் வாங்கினார்கள், ஒருத்தி பழைய கோலப் புத்தகம் வாங்கினாள். பதினாலு வயதுப் பையன் ஒருவன் புறா வளர்ப்பு பற்றிப் புத்தகம் வேண்டும் என்று நின்றான், வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு ஜோடி வைத்திருந்தான். தமிழில் கிடைக்கவில்லை. கன்னடத்தில் ஒரு ஒல்லிப் புத்தகம் கிடைத்தது. நாலு மாதத்தில் அதன் அட்டை பிய்ந்துவிட்டது. கன்னடம் சரளமாக வராத இரண்டு பேர் இன்னொருவனைப் படிக்கச் சொல்லிச் சுற்றி உட்கார்ந்து கேட்டதை நானே பார்த்தேன்.

ஆக, உங்கள் மொழிக் கவலைக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. தமிழ் மன்றம்தான், ஆனாலும் கன்னடமும் ஆங்கிலமும் அதே அலமாரியில் கலந்து இருக்கட்டும். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளையைத் தமிழ் வகுப்பு என்று கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு டியூஷனா என்று ஓடிவிடும். பெங்களூரிலேயே இருக்கிற பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கும், அச்செடுத்துக்கொள்ள அனுமதியும் உண்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து வயதுப் பிள்ளை தானே ஒப்பிட்டு எழுத்துக் கூட்டும். பதினைந்து வயதுக்காரர்களுக்கு அது ஒத்துவராது, குழந்தைக் கதை என்று சிரிப்பார்கள். அவர்கள் பியூசி (இங்கே பிளஸ் டூவுக்கு அதுதான் பெயர்), சிஇடி நுழைவுத் தேர்வு கைடுக்காகத்தான் வருவார்கள். வரட்டும். வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் இடத்திலிருந்து வருகிற பையனுக்கு ஒரு மேசையும் ஃபேனும் கொடுப்பதும் நூலகச் சேவைதான். அந்த மேசைக்குப் பக்கத்தில் எந்த அலமாரி இருக்க வேண்டும் என்பதை மட்டும் யோசித்து வையுங்கள்.

அடுத்தது அதிகாரம். ஐந்தாறு பிள்ளைகளை வைத்து ஒரு குழு அமையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதிப் பேர் மாறட்டும். நாற்காலி போடவும் விழாவில் பூச்செண்டு கொடுக்கவும் அல்ல. ஒரு அலமாரி, 10,000 ரூபாய், வாரத்தில் ஒரு மாலை, இந்த மூன்றும் அவர்கள் சொற்படி. பெரியவர்கள் ஒரு புத்தகத்தை வேண்டாம் என்றால் காரணத்தை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள், பாதி ஆட்சேபணை அங்கேயே கரைந்துவிடும். பேச்சுப் போட்டியில் கப் வாங்குகிற பிள்ளைகளாகப் பொறுக்காதீர்கள். மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற ஒருவனும் அதில் இருக்க வேண்டும், எது சலிப்பு என்று அவன்தான் சொல்லுவான்.

கமிட்டியிடம் இதை எப்படிப் பேசுவது? ஓஸ்லோவில் 2016-ல் பத்து முதல் பதினைந்து வயதுக்காரர்களுக்கு மட்டும் ஒரு நூலகம் திறந்தார்கள், பழைய லாரி ஒன்றைச் சமையலறையாக்கி உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள், பெரியவர்களுக்கு அனுமதி கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த நூலகம் அது. ஆனால் அதை உங்கள் கமிட்டியில் சொன்னால் "அது ஃபாரின் தம்பி" என்று முடித்துவிடுவார்கள். மன்னார்குடியைச் சொல்லுங்கள். 1931-ல் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ஆள் வரவில்லை என்று அவர் புலம்பவில்லை, வண்டி கட்டினார். அது எடுபடாவிட்டால் இந்த மாநிலத்திலேயே நடந்ததைச் சொல்லுங்கள்: கர்நாடகத்தில் 2019-ல் கிராம நூலகங்களை ஊரக வளர்ச்சித் துறையிடம் கொடுத்தார்கள், உமா மகாதேவன் என்ற ஐஏஎஸ் அதிகாரி முன்னின்று நடத்த, 2020-ல் 'ஓதுவ பெளகு' என்ற பெயரில் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் பிள்ளைகள் சேர்ந்தார்கள். செய்தது என்ன? கட்டணத்தை எடுத்தார்கள், சுவருக்கு வர்ணம் அடித்தார்கள், செஸ் பலகை வைத்தார்கள். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் விவாதமே கிடையாது. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்தே இருக்கும். பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகளின் படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது, தலைவரே கேட்டாலும்.

மாதம் ஒருமுறை கப்பன் பார்க் மத்திய நூலகத்துக்கோ அருகிலுள்ள அரசுக் கிளை நூலகத்துக்கோ கூட்டிப் போங்கள். சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு ஆறு காசு நூலக வரி இந்த ஊரில் வசூலாகிறது, அது நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, புத்தகம் தொலையும். ஆண்டுக் கூட்டத்தில் யாராவது எழுந்து "முப்பது புத்தகம் காணோமே, யார் பொறுப்பு?" என்பார். அன்றைக்குக் கையில் ஒரு நோட்டு வைத்திருங்கள்: எத்தனை முறை புத்தகம் வீட்டுக்குப் போனது, எத்தனை அட்டை பிய்ந்தது, பிள்ளைகள் கேட்டும் நம்மிடம் இல்லாதவை எவை. முப்பதுக்குப் பக்கத்தில் அந்த எண்களையும் வாசித்துவிட்டு உட்காருங்கள். அதுவரை, இந்த வாரமே அந்தப் பீரோ சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட்டுவிடுங்கள், பொருளாளருக்குத் தெரிந்தே.